ஆற்றங்கரை வீடு யாருடையது?

வீடு என்னும் சொல்லுக்குத் தமிழர் இரு பொருள் வைத்தனர். மண்ணும் மரமும் கொண்டு எழுப்பிய மனையும் வீடு. பற்றனைத்தும் நீங்கிய பின் உயிர் எய்தும் விடுதலையும் வீடு. பற்றுக்கு உறைவிடமாகிய ஒன்றையும் பற்றற்ற நிலையையும் ஒரே சொல்லால் வழங்கிய நம் முன்னோர் அதனை விளையாட்டாகச் செய்திருக்க மாட்டார்கள். பிறந்த ஊரைப் பிரிந்து, பணியை நாடி வேற்றூரில் குடியேறிய நம் போன்றோர்க்கு அச்சொல் மூன்றாவதாக ஒரு பொருளையும் தருகின்றது. நாம் விட்டு வந்ததும் வீடுதான். அதனை விட்டு வந்தோமா, கைவிட்டு வந்தோமா என்னும் வினா பொங்கல் விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பும் ஒவ்வொரு குடும்பத்தின் உள்ளத்திலும் எழுகின்றது. எழுந்த வினாவை அடுத்த பொங்கல் வரையில் ஒத்தி வைப்பதே நம் வழக்கமாகிவிட்டது. அதனைச் சற்று நின்று நோக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் விழைவு.

ஸ்ரீ சிட்டி என வழங்கும் தொழில் நகரம் 2008ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில், சத்தியவேடு, வரதையபாளையம் ஆகிய இரு மண்டலங்களின் ஊர்களில் அது பரந்து கிடக்கின்றது. இங்குப் பணியேற்று வந்த தமிழ்க் குடும்பங்கள் தம்மை அயலூரார் என எண்ணுவது இயல்பே. எனினும் சத்தியவேட்டுப் பகுதி 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளுக்கு முன்பு செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது என்பதை நம் இளைஞர் பலர் அறியார். எல்லை மாற்றச் சட்டத்தின்படி திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சத்தியவேடு ஆந்திரத்துக்குச் சென்றது. பின்னர்ச் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர்கள் 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்துக்கு உரியன ஆயின. இத்தனை மாற்றங்களுக்கு இடையிலும் ஆரணியாறு தன் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. பிச்சாட்டூர் நீர்த்தேக்கத்தைக் கடந்து, நாகலாபுரத்தை அடுத்த சுருட்டப்பள்ளியில் பள்ளிகொண்டீசுவரர் கோயிலின் அருகே ஓடி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டு ஏரியில் கலக்கின்றது. யார் அயலார், யார் உள்ளூரார் என்பதை அந்த ஆற்றிடம் கேட்டால் நமக்கு விடை கிடைப்பது அரிது.

ஆரணியாயினும் பாலாறாயினும் காவிரியாயினும், ஆற்றங்கரை ஊர் ஒன்றில் பூட்டிக் கிடக்கும் வீட்டை நாம் எல்லோரும் பார்த்திருக்கின்றோம். திண்ணையில் ஆட்டுப் புழுக்கை. முற்றத்தில் நெஞ்சளவு உயர்ந்த உண்ணிச்செடி. கூரையின் ஓடு இரண்டு சரிந்த இடத்தில் மழை இறங்கி, உத்தரத்தின் முனையைக் கறையான் தின்றிருக்கும். கிணற்றில் இராட்டினம் இருக்காது. பின்புறத் தோட்டத்தில் மாமரம் மட்டும் யாருக்கும் காத்திராமல் காய்த்து, உதிர்த்து நிற்கும். சீமைக் கருவேல் வேலியைத் தாண்டி உள்ளே வந்திருக்கும். வீட்டின் சொந்தக்காரர் இறந்துவிட்டாரா என்றால், இல்லை. ஐந்து பேர் இருக்கின்றனர். ஒருவர் சென்னையில், ஒருவர் பெங்களூரில், ஒருவர் துபாயில், மற்ற இருவர் தத்தம் பணியிடங்களில் நலமாக வாழ்கின்றனர்.

ஐவர்க்கும் உரியதாய் இருப்பதே அவ்வீட்டின் நோய். ஓடு மாற்றப் பத்தாயிரம் தேவைப்படும்போது, 'நான் ஏன் தனியே செலவிட வேண்டும்?' என்று மூத்தவர் எண்ணுகின்றார். 'என்னைக் கேளாமல் அண்ணன் செய்தால் நாளை கணக்குக் கேட்பார்' என்று இளையவர் அஞ்சுகின்றார். தங்கைக்கு அங்கு வந்து தங்க ஆசை. ஆனால் அண்ணியார் என்ன நினைப்பாரோ என்னும் கூச்சம். எவருள்ளத்திலும் தீமை இல்லை. தீமை இல்லாமலேயே ஒரு வீடு இடிந்து விழுவதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ? ஒருவன் அழித்தால் அவனைப் பழிக்கலாம். ஐவர் அன்போடு காத்திருந்து அழித்தால் யாரைப் பழிப்பது?

காத்திருத்தலுக்கு அடியில் ஓர் அச்சமும் உண்டு. அதனை வெளிப்படையாகப் பேசிவிடுதல் நலம். வீட்டில் யாரையேனும் குடிவைத்தால் அவர் நாளை உரிமை கொண்டாடுவார் என்பதே அவ்வச்சம். அது முற்றிலும் கற்பனையன்று. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம், தனியார் சொத்தொன்றை மற்றொருவர் உரிமையாளருக்கு எதிராகவும் வெளிப்படையாகவும் இடையறாமலும் 12 ஆண்டுகள் தம் வசம் வைத்திருந்தால், அதனை மீட்கும் வழக்குரிமை போய்விடும் என்கின்றது. எதிரிடை அனுபவம் என்று வழக்கறிஞர் கூறுவது இதனையே. ஆனால் உரிமையாளரின் இசைவோடு இருப்பவரின் அனுபவம் எதிரிடை ஆகாது என்பதும் நீதிமன்றங்கள் ஏற்ற நெறி. ஒப்பந்தம் ஒன்றை எழுதி, சிறு தொகையேனும் வாடகையாகப் பெற்று, இன்ன காலம் வரை என்று குறித்துவிட்டால் அச்சத்தின் பெரும்பகுதி நீங்கும். இதனைச் செய்யாமல் பூட்டைத் தொங்கவிட்டு, வீட்டைக் காப்பதாக எண்ணிக்கொள்கின்றோம். பூட்டு திருடனைத் தடுக்கும். கறையானையும் மழையையும் தடுக்குமா?

இனி அறத்தின் வினாவுக்கு வருவோம். கைவிடப்பட்ட ஒன்றைப் பேணும் கடமை யாருடையது? அதனைப் பிறப்பால் பெற்றவருடையதா, அதன் அருகே வாழ்ந்து அதன் அழிவைக் கண்ணால் காண்பவருடையதா? முன்னவருடையது என்றே முதலில் சொல்லத் தோன்றும். ஆயினும் நம் நாட்டில் நிகழ்ந்த ஒரு செயல் வேறு விடை தருகின்றது.

திருவையாற்றில் காவிரிக் கரையில் தியாகராசருடைய சமாதி இருக்கின்றது. 1847 சனவரியில் அவர் மறைந்தார். அரை நூற்றாண்டு கழிந்தபோது அந்த இடம் புதர் மண்டிக் கிடந்தது. 1903ஆம் ஆண்டளவில் அவருடைய மாணவரான உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் அதனைக் கண்டு சீர் செய்தனர். மீண்டும் அது சிதைந்தது. 1921இல் அந்நிலையைக் கேள்வியுற்றவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். அவர் மைசூரை அடுத்த நஞ்சன்கூட்டில் 1878இல் பிறந்தவர், தேவதாசி மரபினர், சென்னையில் புகழோடு பாடி வந்தவர். தியாகராசருக்கு அவர் உறவினர் அல்லர். ஊரும் வேறு, மொழியும் வேறு. தம் வாழ்நாள் உழைப்பில் ஈட்டிய பொருளைக் கொண்டு நிலத்தைப் பெற்று, புதரை நீக்கி, சமாதியின் மீது கோயில் எழுப்பினார். 1925 சனவரியில் அதன் குடமுழுக்கு நிகழ்ந்தது.

இதில் நெஞ்சைத் தொடுவது மற்றொன்று. அக்காலத்தில் திருவையாற்று ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லை. தாம் கட்டிய இடத்திலேயே தாம் பாட இயலாத நிலையில் அவர் இருந்தார். கட்டியவள் நானே, எனவே உரிமை எனதே என்று கதவைச் சாத்தியிருக்கலாம். அவர் கதவைச் சாத்தாமல், பெண்கள் பாடுவதற்குத் தனியே ஓர் ஆராதனையைத் தொடங்கினார். 1940ஆம் ஆண்டளவில் பிரிந்திருந்த குழுக்கள் ஒன்றுபட்டபோது பெண்களும் பாடினர். 1952இல் மறைந்த அம்மையாரின் நினைவிடம் தியாகராசரின் சமாதியை நோக்கியவாறு அமைந்துள்ளது. தெலுங்கில் பாடியவரின் தமிழ்நாட்டு ஆற்றங்கரைச் சமாதியைக் கன்னட நாட்டில் பிறந்தவர் மீட்டார். தெலுங்கு நாட்டின் விளிம்பில் வாழும் தமிழராகிய நாம் இந்நிகழ்ச்சியை அடிக்கடி எண்ணிப் பார்ப்பது தகும்.

திருமலையிலும் இதற்கு முன்னோடி ஒன்று உண்டு. இராமாநுசரின் கட்டளையை ஏற்று மலைமீது குடியேறி, மலர்த்தோட்டம் அமைத்தவர் அனந்தாழ்வான். அவரும் கன்னட நாட்டினரே என்று மரபு கூறும். இந்த ஒற்றுமை எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. தோட்டத்துக்கு நீர்வேண்டிக் குளம் தோண்டும்போது, கருவுற்றிருந்த மனைவியார் மண் சுமந்தார். இரங்கி உதவ வந்த சிறுவனை, 'என் தொண்டில் பங்கு கேட்கின்றாயோ' என்று சினந்து, அனந்தாழ்வான் கடப்பாரையால் தாக்கினார். அடி வேங்கடவன் திருமுகத்தின் மோவாயில் பட்டிருந்தது என்பது வைணவ மரபு. பச்சைக் கற்பூரம் அங்குச் சாத்துவதற்கு இதனையே காரணமாகச் சொல்வர். அந்தக் கடப்பாரையைக் கோயில் வாயிலில் இன்றும் காணலாம். தொண்டு செய்பவனுக்கும் 'எனது' என்னும் செருக்கு வந்துவிடும் என்பதை இக்கதை ஒளிக்கவில்லை. பழையதைச் சீர் செய்ய முனைவோர் பலரிடம் இந்தக் கடப்பாரை இருக்கின்றது. உழைத்தவன் நான், ஆகவே மற்றவர் வந்து ஒரு செடிகூட நடக் கூடாது என்பர். தோட்டத்துக்கு அனந்தாழ்வான் தம் பெயரை இடாமல் இராமாநுசன் நந்தவனம் எனப் பெயரிட்டதை அதற்கு மாற்று மருந்தாகக் கொள்ளலாம்.

கடல் கடந்து ஓர் எடுத்துக்காட்டையும் காண்போம். பிரான்சு நாட்டில் ஜிவெர்னி என்னும் சிற்றூரில், சேன் ஆற்றுக்கும் எப்து ஆற்றுக்கும் அண்மையில், ஓவியர் குளோத் மோனே 1883ஆம் ஆண்டு குடியேறினார். 1890இல் அவ்வீட்டை விலைக்கு வாங்கினார். எப்து ஆற்றின் கிளையொன்றிலிருந்து நீரைத் திருப்பி அல்லிக்குளம் அமைத்தார். 1926இல் அவர் மறைந்த பின் மருமகள் பிளான்ஷ் தோட்டத்தைப் பேணினார். 1947இல் அவரும் மறைந்தார். அதன்பின் முப்பது ஆண்டுகள் கவனிப்பாரில்லை. தரையும் உத்தரங்களும் உளுத்தன. ஓவியக் கூடத்தில் மரம் முளைத்தது. குளத்தின் கரைகளை நீரெலிகள் குடைந்தன. மகன் மிஷேல் 1966இல் இறந்தபோது அச்சொத்து நுண்கலைக் கழகத்தைச் சேர்ந்தது. 1977இல் ழெரால் வான் தெர் கெம்ப் பொறுப்பேற்றார். 1980இல் வாயில் மக்களுக்குத் திறக்கப்பட்டது. பெரும்பொருள் உதவியவர்கள் அமெரிக்க நாட்டார். அங்கும் கையைக் கொடுத்தவர் வெளியூராரே.

இப்போது அங்குப் பூப்பவை மோனேயின் பூக்களா? அவர் நட்ட செடிகளுள் பல ஓராண்டு வாழ்ந்து மடியும் இனத்தவை. பாலத்தின் மரமும் புதிதே. அப்படியாயின் மீட்கப்பட்டது எது? மேலைநாட்டு அறிஞர், பலகை பலகையாக மாற்றப்பட்ட கப்பல் பழைய கப்பல்தானா என்று நெடுங்காலமாக வாதிட்டு வருகின்றனர். நம் நாட்டுக் கோயில் மரபோ இவ்வினாவைச் செயலால் தீர்த்துக்கொண்டது. திருப்பணி நடக்கும் காலத்தில் இறைவனைப் பாலாலயம் என்னும் சிறு இடத்துக்கு எழுந்தருளச் செய்வர்; பணி முடிந்தபின் குடநீரோடு மீண்டும் மூலத்தானத்துக்குக் கொணர்வர். கல் மாறலாம், சுதை மாறலாம்; வழிபாடு ஒருநாளும் நிற்றல் ஆகாது என்பதே அதன் உட்கருத்து. விளக்கு எரியும் இடம் மாறுமே தவிர விளக்கு அணைவதில்லை. வீட்டுக்கும் இதனை ஒட்டியே சிந்திக்கலாம். அடுப்பு எரியாத வீட்டின் ஓடுகளை மட்டும் மாற்றி, வண்ணம் பூசி, மீண்டும் பூட்டினால் வீடு புதுப்பிக்கப்பட்டதாகாது. படம் எடுக்க அழகாயிருக்கும், அவ்வளவே.

புதுக்குதலுக்குப் பொறுமை வேண்டும் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அது எத்தகைய பொறுமை என்பதைக் கொத்தனார் ஒருவரிடம்தான் கற்க வேண்டும். பழைய வீடுகள் சுண்ணாம்பால் கட்டப்பட்டவை. சுண்ணாம்பைக் குழியில் பல நாள் ஊறவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்த்துப் பூசினர். அச்சுவர் மழையில் ஈரத்தை உண்டு வெயிலில் வெளியே விடும். சொல்லப்போனால் மூச்சு விடும். பணம் கையில் வந்த விரைவில் அதன்மேல் சிமெண்டைப் பூசுகின்றோம். ஈரம் வெளிவர வழியின்றி உள்ளேயே தங்குகின்றது. செங்கல் உப்புப் பூத்து உதிர்கின்றது. சில ஆண்டுகளில் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்கின்றது. அன்பு மிகுந்து செய்த செயலே கேடாய் முடிகின்றது. சுவரில் வேரோடிய அரசங்கன்றும் அப்படித்தான். ஒரே இழுப்பில் பிடுங்கினால் சுவரும் உடன் வரும். இடைப்பட்ட ஆண்டுகளில் அவ்வேர்தான் சுவரைப் பிளந்தது. அவ்வேர்தான் பிளந்ததை விழாமல் தாங்கியும் நின்றது. கிளையை வெட்டி, வேரைப் படிப்படியாகப் பட்டுப்போகச் செய்து, வெற்றிடத்தில் சாந்து நிரப்பிக்கொண்டே வர வேண்டும். குடும்பத்துப் பழம்பகைகளையும் இவ்வாறுதான் நீக்க வேண்டும் போலும், அஃது இருக்கட்டும்.

ஆற்றங்கரை என்பதால் தோட்டத்துக்குத் தனியே ஓர் இலக்கணம் உண்டு. பழைய மனைகளில் வீடு மேட்டில் இருந்தது. தோட்டம் வீட்டுக்கும் ஆற்றுக்கும் இடையே சரிந்து கிடந்தது. வெள்ளம் ஏறினால் முதலில் வாழை முழுகும், பின்பு கிணற்றடி நனையும், திண்ணைக்கு வருமுன் நீர் வடியும். தோட்டம் என்பது ஆற்றுக்கு விட்டுவைத்த இடம். அவ்விடத்தைச் சுற்றிக் கருங்கல் சுவர் எழுப்பி, கரைப் புறம்போக்கையும் இரண்டு முழம் சேர்த்துக்கொள்வதைச் சிலர் சீரமைப்பு என்கின்றனர். 2015 நவம்பரிலும் 2021 நவம்பரிலும் இப்பகுதியில் பெருமழை பெய்தபோது ஆறுகள் தம் இடத்தைத் தேடி வந்தன. திருப்பதியின் சுவர்ணமுகி அவ்வாண்டு கரை புரண்டதை நம்முள் பலர் நேரிலேயே கண்டோம்.

மோனே குளம் வெட்ட முனைந்தபோது அவ்வூர் மக்கள் எதிர்த்தனர் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். அயல்நாட்டுச் செடிகளால் கீழ்ப்புறத்து நீர் கெடும், கால்நடைக்குத் தீங்கு வரும் என்று 1893இல் அவர்கள் அஞ்சினர். அவர்களுடைய அச்சம் மெய்யாகவில்லை. ஆயினும் கேள்வி நியாயமானதே என்று நான் கருதுகின்றேன். ஆற்றங்கரையில் ஒருவர் செய்வது கீழே இருப்பவரைச் சேரும். சத்தியவேட்டுப் பக்கத்தில் நாம் ஆரணியாற்றில் கொட்டும் கழிவு, பொன்னேரியில் நம் அத்தை வீட்டுக் கிணற்றை நோக்கிச் செல்கின்றது. பிறந்த மண்ணைப் பிரிந்து வந்துவிட்டோம் என்று வருந்துபவர், அம்மண்ணுக்கு நாள்தோறும் என்ன அனுப்புகின்றோம் என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா? பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில், 921ஆம் ஆண்டிலேயே, ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் என ஊரவையில் குழுக்கள் இருந்தன. தோட்டத்தைத் தனியொருவர் பொழுதுபோக்காக விடாமல் ஊரின் பொறுப்பாக்கிய பெரியோர் அவர்கள்.

சிலர் கேட்கலாம்: 'ஊரில் இருக்கும் வீட்டையும் பார்க்க வேண்டும், குடிவந்த இடத்தையும் பேண வேண்டும் என்றால், மாதச் சம்பளக்காரனுக்கு எத்தனை கைகள்?' இக்கேள்வியை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். இரண்டையும் செய்ய இயலாதவர் பலர். அவர்கள் தொலைவிலுள்ள வீட்டை மனத்தில் பூசித்துக்கொண்டு, கண்முன் உள்ள கரையைப் பாராமல் இருப்பதே எனக்கு உடன்பாடன்று. போக இயலாதென்றால் அவ்வீட்டை, வாழ விரும்பும் ஒருவரிடம் மனமுவந்து கொடுத்துவிடுவது அதற்குச் செய்யும் மரியாதை. உடன்பிறந்தாருள் ஒருவரோ, ஊரில் இடமின்றி இருக்கும் சித்தப்பா மகனோ, பள்ளியில் பணிபுரியும் ஆசிரியை ஒருவரோ அடுப்பு மூட்டட்டும். நாம் இங்கே, நாம் குடியிருக்கும் தெருவின் கோடியில் கேட்பாரற்றுக் கிடக்கும் கிணற்றடியையோ ஓடைக்கரையையோ அண்டை வீட்டுத் தெலுங்கு நண்பரோடு சேர்ந்து துப்புரவு செய்யலாம். நாகரத்தினம்மாள் நஞ்சன்கூட்டுக்குத் திரும்பிச் சென்று எதனைக் கட்டினார் என்று எவரும் கேட்பதில்லை.

ஐவர் ஒன்றுகூடிப் பேசுவதற்குத் திருமணங்களும் காதணி விழாக்களும் ஏற்ற இடங்கள் அல்ல. அங்கே பழைய கணக்குகள் எழும். வீட்டிலேயே, அந்தத் திண்ணையிலேயே, ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுவது நன்று. புளியோதரையை இலையில் கட்டிச் சென்றால் சண்டை குறையும் என்பது என் கருத்து. யார் எவ்வளவு தருவது என்பதை முதலில் பேசாமல், அங்கு யார் வாழப் போகின்றார் என்பதை முதலில் பேச வேண்டும். அது முடிவானால் மற்றவை தாமே ஒழுங்குபடும். ஒப்பந்தத் தாளை அன்றே எழுதலாம். கிணறு தூர் வாருவதைத் தை மாதத்துக்குத் தள்ளிவைக்கலாம். தோட்டத்து முட்களை மாசியில் வெட்டலாம். ஓடு வேலையை மட்டும் தள்ளிவைக்க இயலாது. புரட்டாசி முடிவதற்குள் உடைந்த ஓடுகளை மாற்றியாக வேண்டும். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் அந்தக் கூரையில் ஏணி சார்த்த எந்த ஆளும் வரமாட்டார்.